அடிக்குறிப்பில் உள்ள உரிம எண் யாரைக் காக்கும்? இணையவழிச் சூதாட்டச் சட்டங்கள் குறித்து ஒரு கேள்வி

தென்றல்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சட்டம் அறிந்த சிலர் இங்கே எழுதுவதால் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். என் தம்பி சில மாதங்களாக ஓர் இணையவழிச் சூதாட்டத் தளத்தில் பணம் கட்டி ஆடிவந்திருக்கிறான். தோற்ற நாள்களில் வாய் திறக்காதவன், பெரிய தொகை ஒன்றை வென்று அது கைக்கு வராமல் போன பிறகுதான் எங்களிடம் சொன்னான். பணத்தை எடுக்க விண்ணப்பித்தபோது முதலில் அடையாளச் சான்று கேட்டார்கள். கொடுத்த பின் முகவரிச் சான்று கேட்டார்கள். அதையும் கொடுத்த பின் "கூடுதல் சரிபார்ப்பு" என்று மூன்று வாரங்களாக இழுத்தடிக்கிறார்கள். தளத்தின் அடிக்குறிப்பில் ஒரு தீவு நாட்டின் பெயரும் ஓர் உரிம எண்ணும் உள்ளன. நாங்கள் வசிக்கும் நாட்டில் அந்தத் தளத்துக்கு அனுமதி கிடையாது.

அந்த உரிம எண்ணால் என் தம்பிக்கு ஏதாவது பாதுகாப்பு உண்டா, ஆடியதற்காக அவனே குற்றவாளி ஆவானா, வழக்குத் தொடர வேண்டுமானால் எந்த நாட்டு நீதிமன்றத்தில் தொடர்வது என்பவையே என் கேள்விகள். சூதாடுவது சரியா தவறா என்ற விவாதத்தை வீட்டில் போதிய அளவு நடத்தி முடித்துவிட்டோம். இங்கே சட்டத்தை மட்டும் பேசினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சட்டப்படிக்கட்டு

நண்பரே, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லாததால் பொதுவாகவே பதில் தர முடியும். "இணையச் சூதாட்டம் சட்டவிரோதம்" என்ற வாக்கியத்தில் எழுவாய் இல்லை என்பதைத்தான் நான் எப்போதும் முதலில் சுட்டிக்காட்டுவேன். ஆட்டத்தை நடத்துபவர், அதற்குப் பணம் கடத்தும் வங்கியும் விளம்பரம் செய்பவரும், ஆடுபவர் என்று மூன்று தரப்புகள் உள்ளன. ஒவ்வொரு நாடும் இந்த மூவரில் யாரைப் பிடிப்பது என்று வெவ்வேறு விதமாக முடிவு செய்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் 2001ஆம் ஆண்டு இணைய ஆட்டச் சட்டம், இணையச் சூதாட்டக் கூடங்களை அந்நாட்டு மக்களுக்கு வழங்குவதைத் தடை செய்கிறது. அவற்றில் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. இந்தியா 2025 ஆகஸ்டில் இயற்றிய இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டமும் அவ்வாறே: பண விளையாட்டை நடத்துபவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு, ஆடுபவருக்குத் தண்டனை வகுக்கப்படவில்லை. சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டமோ, உரிமம் பெறாத சேவையில் ஆடுபவரையும் விட்டுவைக்கவில்லை. 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் அவருக்கு விதிக்கப்படலாம். ஆகவே உங்கள் தம்பி குற்றவாளியா என்பதற்கு, அவர் ஆடும்போது எந்த மண்ணில் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

உரிம எண்ணைப் பற்றி மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

எதிர்க்கரை

இதில் இவ்வளவு சிக்கல் எதற்கு? ஒரு நாடு முறைப்படி உரிமம் கொடுத்திருக்கிறது. இணையத்துக்கு எல்லை கிடையாது. ஆகவே அந்த உரிமம் எங்கும் செல்லும் என்றுதானே கொள்ள வேண்டும்? ஆண்டிகுவா என்ற சிறிய தீவு நாடு, தன் உரிமதாரர்களைத் தடுத்ததற்காக அமெரிக்காவையே உலக வணிக அமைப்புக்கு இழுத்து வென்றதே! ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒரு நாட்டின் உரிமம் மற்ற நாடுகளிலும் செல்லும் என்றே படித்திருக்கிறேன்.

சட்டப்படிக்கட்டு

எதிர்க்கரை அவர்கள் சொன்ன இரண்டில் ஒன்று பாதி உண்மை, மற்றொன்று உண்மையன்று. இரண்டுமே அந்தத் தளங்களின் "எங்களைப் பற்றி" பக்கங்களில் அடிக்கடி காணப்படும் வாதங்கள் என்பதால் பொறுமையாகப் பார்க்கலாம்.

ஆண்டிகுவா வழக்கு 2003இல் தொடங்கியது. சேவை வணிக உடன்பாட்டில் அமெரிக்கா கையெழுத்திட்டபோது, "பிற பொழுதுபோக்குச் சேவைகள்" என்ற தலைப்பின்கீழ்த் தன் சந்தையைத் திறந்துவிடுவதாக வாக்களித்திருந்தது. சூதாட்டம் அதில் அடங்கும் என்று அப்போது அதன் அதிகாரிகள் எண்ணவில்லை. அடங்கும் என்று உலக வணிக அமைப்பு தீர்ப்பளித்தது. ஆனால் 2005 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமைப்பு கூறியதன் சாரம், பொது ஒழுக்கத்தைக் காக்க ஒரு நாடு இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யலாம் என்பதே. அமெரிக்கா சறுக்கிய இடம் வேறு: குதிரைப் பந்தயத்துக்கு உள்நாட்டு நிறுவனங்களைத் தொலைவிலிருந்து பந்தயம் ஏற்கவிடுவதுபோல் தோன்றும் சட்டத்தை வைத்துக்கொண்டு, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் ஒழுக்கம் பேசியது. ஆண்டிகுவா ஆண்டுக்கு ஏறத்தாழ 344 கோடி டாலர் கேட்டது. 2007 டிசம்பரில் நடுவர்கள் 2.1 கோடி டாலர் என்று நிர்ணயித்தார்கள். அதுவும் ரொக்கமாக அன்று. அந்த அளவுக்கு அமெரிக்க அறிவுசார் சொத்துரிமைகளைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம் என்ற அனுமதியாக. ஒரு குட்டி நாடு அமெரிக்கப் படங்களையும் மென்பொருள்களையும் படியெடுத்து விற்கச் சட்டப்படி உரிமை பெற்றது என்பது சர்வதேசச் சட்டத்தின் விந்தைகளில் ஒன்று. ஆனால் அந்த வெற்றி எந்த ஆட்டக்காரருக்கும் ஒரு காசும் பெற்றுத் தரவில்லை, ஆண்டிகுவா உரிமத்தை வேறு நாட்டில் செல்லுபடியாக்கவும் இல்லை.

ஐரோப்பா பற்றியது இன்னும் தெளிவானது. போர்ச்சுகலில் ஏகபோக உரிமை பெற்றிருந்த அமைப்புக்கும் ஜிப்ரால்டர் உரிமத்துடன் இயங்கிய பிவின் நிறுவனத்துக்கும் தொடர்புடைய வழக்கில், 2009 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், வேறொரு உறுப்பு நாட்டில் உரிமம் இருக்கிறது என்பதாலேயே தன் மக்களுக்குப் போதிய பாதுகாப்பு இருப்பதாக ஒரு நாடு ஏற்க வேண்டியதில்லை என்றது.

பிரிட்டனின் வரலாறு இதை நன்றாக விளக்கும். 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி, ஆட்டத்தை நடத்தும் கணினிக் கருவிகள் பிரிட்டனில் இருந்தால்தான் உரிமம் தேவைப்பட்டது. ஆகவே நிறுவனங்கள் ஜிப்ரால்டருக்கும் மால்ட்டாவுக்கும் மேன் தீவுக்கும் குடிபெயர்ந்து, அங்கிருந்தே பிரிட்டன் மக்களுக்கு ஆட்டம் நடத்தின. 2014இல் சட்டத்தைத் திருத்தி, வழங்கி (சர்வர்) எங்கே நின்றாலும் வாடிக்கையாளர் பிரிட்டனில் இருந்தால் பிரிட்டன் உரிமம் வேண்டும் என்றார்கள். இன்று பெரும்பாலான நாடுகளின் போக்கு இதுதான்: ஆடுபவர் இருக்கும் இடமே கணக்கு. தீவு நாட்டு உரிமம் அந்தத் தீவுக்கு அந்த நிறுவனம் என்ன கடமைப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. உங்களுக்கு என்ன கடமைப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.

எதிர்க்கரை

திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் அப்படியானால் தீவு உரிமத்தால் எந்தப் பயனும் இல்லை என்று ஆகிவிடாதா? ஆயிரக்கணக்கான தளங்கள் குராசாவ் என்ற கரீபியத் தீவின் உரிமத்தில்தானே இயங்குகின்றன?

சட்டப்படிக்கட்டு

அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். குராசாவில் நெடுங்காலம் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. அரசு ஒரு சில நிறுவனங்களுக்குத் தலைமை உரிமம் கொடுத்தது; அவை தாமே நூற்றுக்கணக்கான தளங்களுக்குத் துணை உரிமம் விற்றன. ஆட்டக்காரரின் புகார் அரசிடம் போகாது, துணை உரிமம் விற்றுப் பிழைக்கும் நிறுவனத்திடம் போகும். அது தன் வாடிக்கையாளரைத் தண்டிக்குமா என்பதை ஊகிக்கச் சட்டப் படிப்பு தேவையில்லை. 2024 டிசம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, அந்தத் தீவின் சூதாட்ட ஆணையமே நேரடியாக உரிமம் வழங்கும் முறை வந்தது. உங்கள் தம்பி ஆடிய தளத்தின் அடிக்குறிப்பில் பழைய வகைத் துணை உரிம எண் இருந்தால் அது வெறும் அலங்காரம். ஆணையத்தின் பதிவேட்டில் அந்த எண்ணையும், அதற்கு நேரே எழுதப்பட்டுள்ள இணைய முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

நான் பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். உரிமத்தை விட்டுவிடுங்கள், தம்பி பணம் கட்டியபோது வங்கிக் கணக்குப் பதிவில் யாருடைய பெயர் வந்தது என்று பாருங்கள். தளத்தின் பெயரோ அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரோ வராமல், யாரோ ஒரு தனிநபரின் பெயரும், அடுத்த முறை கட்டும்போது வேறொரு பெயரும் வந்திருந்தால், அது வாடகைக்கு எடுக்கப்பட்ட கணக்கு. அதிலிருந்து பணம் திரும்ப வந்ததை நான் பார்த்ததில்லை.

தடை என்பது உண்மையில் செயல்படும் இடமும் பணம் கடக்கும் இந்த வாசல்தான். தளங்களை முடக்கினால் ஒரு மணி நேரத்தில் ஒரு எழுத்து மாறிய புதிய முகவரி வந்துவிடும், இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் இருக்கிறது. பணத்துக்கு அவ்வளவு எளிதாக மாற்று முகவரி கிடைப்பதில்லை. இதை முதலில் புரிந்துகொண்டது அமெரிக்கா. 2006 அக்டோபரில் கையெழுத்தான சட்டம் எந்த ஆட்டத்தையும் புதிதாகச் சட்டவிரோதமாக்கவில்லை. ஏற்கெனவே சட்டவிரோதமாக இருக்கும் இணையச் சூதாட்டத்துக்காகப் பணம் பெறுவதை மட்டும் குற்றமாக்கியது. துறைமுகப் பாதுகாப்பு பற்றிய மசோதா ஒன்றின் வாலில் ஒட்டிக்கொண்டு அது நிறைவேறியது என்பது வேறு கதை. பங்குச் சந்தையில் இருந்த பெரிய நிறுவனங்கள் உடனே அமெரிக்காவை விட்டு வெளியேறின. எஞ்சிய நிறுவனங்கள் என்ன செய்தன என்பது 2011 ஏப்ரல் 15 அன்று வெளியான குற்றப்பத்திரிகையில் தெரிந்தது: போக்கர் என்ற சீட்டாட்டத்துக்கான பணத்தை, நகைகளும் கோல்ஃப் பந்துகளும் விற்கும் கடைகளுக்குச் செல்லும் பணம்போல் வேடமிட்டு வங்கிகளில் செலுத்தியதாக அரசுத் தரப்பு குற்றஞ்சாட்டியது.

நார்வே 2010 முதலே வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்களுக்கான பரிமாற்றங்களை வங்கிகள் மறுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. பிலிப்பைன்ஸில் 2025 ஆகஸ்டில் மத்திய வங்கி, மின்பணப்பைச் செயலிகளிலிருந்து சூதாட்ட இணைப்புகளை 48 மணி நேரத்தில் நீக்கும்படி ஆணையிட்டது. உரிமம் பெற்ற தளங்களின் இணைப்புகளும் போயின. கடன் அட்டையால் சூதாடுவதை பிரிட்டன் 2020 ஏப்ரலிலும் ஆஸ்திரேலியா 2024 ஜூனிலும் தடை செய்தன. கிரிப்டோ வந்த பிறகு இந்த வாசலிலும் ஓட்டை விழுந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கிரிப்டோவை வாங்கவும் விற்கவும் எங்காவது ஒரு வங்கிக் கணக்கைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒருகால்_ஆட்டக்காரன்

நான் ஆடியவன், நிறுத்தியவன். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு விலகுகிறேன். நான் உரிமம் உள்ள தளங்களிலிருந்து என்னை நானே விலக்கிக்கொள்ளும் பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்தேன். பிரிட்டனில் கேம்ஸ்டாப், சுவீடனில் ஸ்பெல்பவுஸ், ஜெர்மனியில் ஓயாசிஸ், ஆஸ்திரேலியாவில் 2023 முதல் பெட்ஸ்டாப் என்று பல நாடுகளில் இவ்வகைப் பதிவேடு உண்டு. ஒரு முறை பெயர் கொடுத்தால் உரிமம் பெற்ற தளங்கள் நம்மை உள்ளே விடக்கூடாது. விடவும் இல்லை. அடுத்த வாரமே எனக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின: "இந்தப் பதிவேட்டில் இணையாத தளங்கள்" என்ற பட்டியலுடன். விட முயல்பவனைத் தேடி வந்து பிடிப்பதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. உரிமம் இல்லாத தளம் என்றால் என்ன என்பதை நான் அறிந்துகொண்டது அப்படித்தான். தென்றல்வாசி, தம்பி வென்ற பணத்தைவிட, அந்தத் தளத்தை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள்.

எதிர்க்கரை

ஒருகால்_ஆட்டக்காரன் சொன்னது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. தடையோ அளவுக்கு மீறிய கட்டுப்பாடோ வந்தால் மக்கள் ஆடுவதை நிறுத்துவதில்லை. கேட்பாரற்ற தளத்துக்குப் போகிறார்கள். அமெரிக்காவில் 1992 முதல் பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்க விடாமல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் தடுத்துவந்தது. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும் வரை அத்தனை பந்தயமும் சட்டத்துக்கு வெளியேதான் நடந்தது. ஒழுங்குபடுத்தி, வரி வாங்கி, கண்காணிப்பதே விவேகம்.

கணக்குப்பிள்ளை

ஒழுங்குபடுத்துவதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் "வரி வாங்கி" என்று நீங்கள் போகிற போக்கில் சொன்ன சொல்லில்தான் பாதி வினை இருக்கிறது. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலை முதல் அங்கே இணைய ஸ்லாட் ஆட்டத்துக்கு (சின்னங்கள் சுழன்று நிற்கும் வாய்ப்பு ஆட்டம்) உரிமம் தருகிறார்கள். விதிகள் மிகக் கண்டிப்பானவை: ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 1 யூரோ, ஒரு சுற்று குறைந்தது 5 விநாடி நீள வேண்டும், எல்லாத் தளங்களையும் சேர்த்து மாதத்துக்கு 1,000 யூரோவே பொதுவான வைப்பு வரம்பு, ஒரே நேரத்தில் இரண்டு தளங்களில் ஆட முடியாது, மையக் கணினி ஒன்று அதைக் கவனிக்கிறது.

இவ்வளவும் நல்ல விதிகள் என்றே நினைக்கிறேன். ஆனால் வரியை நிறுவனத்தின் வருவாயின் மீது போடாமல், ஆடுபவர் வைக்கும் பந்தயத் தொகையின் மீதே 5.3 விழுக்காடு போட்டார்கள். கணக்கைப் பாருங்கள். பந்தயமாக வந்த 100 யூரோவில் 96 யூரோவைப் பரிசாகத் திருப்பிக் கொடுக்கும்படி அமைக்கப்பட்ட ஆட்டத்தில் நிறுவனத்துக்கு நிற்பது 4 யூரோ; வரியோ ஏறத்தாழ 5 யூரோ. ஆகவே உரிமம் பெற்ற நிறுவனங்கள் திருப்பிக் கொடுக்கும் விகிதத்தைக் குறைத்தன. அதே ஆட்டம் உரிமமற்ற தளத்தில் 96 கொடுக்கிறது, வரம்பும் இல்லை, 5 விநாடி காத்திருக்கவும் வேண்டாம். அரசே தன் கையால் ஆட்டக்காரரை வெளியே தள்ளிவிட்ட மாதிரி ஆயிற்று. பிரிட்டன் வருவாயின் மீது வரி போடுகிறது. அதுவே 21 விழுக்காட்டிலிருந்து 2026 ஏப்ரல் முதல் 40 விழுக்காடு ஆகும் என்று 2025 நவம்பர் நிதிநிலை அறிக்கை சொன்னது. கட்டுப்பாட்டு விதியை ஒரு துறை எழுத, வரியை இன்னொரு துறை எழுதினால் இப்படித்தான் ஒன்றின் காலை மற்றொன்று வாரும்.

சொல்லாய்வன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள், ஆகவே சூதாட்டமே அல்ல என்று விளம்பரங்கள் சொல்லிவந்தனவே, அது சட்டமா, விளம்பரமா? தம்பி ஆடியது எந்த ஆட்டம் என்பதை வைத்து நிலைமை மாறுமா?

சட்டப்படிக்கட்டு

இந்தியாவைப் பொறுத்தவரை அது சட்டமாகவே இருந்தது. 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டமே திறனால் மட்டும் ஆடப்படும் விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்திருந்தது. 1957இல் உச்ச நீதிமன்றம் திறன் எங்கே மேலோங்கி நிற்கிறதோ அது சூதாட்டமன்று என்ற கருத்தை எடுத்துக்கொண்டது. 1968இல் ரம்மியில் சீட்டுகளை நினைவில் வைத்து அடுக்குவதற்குத் திறன் தேவை என்றது. 1996இல் குதிரைப் பந்தயத்தையும் அந்த வரிசையில் சேர்த்தது. இந்தத் தீர்ப்புகளின் மேல்தான் பின்னாளில் ஒரு பெரும் தொழிலே கட்டப்பட்டது. மனமகிழ் மன்றத்தில் நான்கு பேர் மேசையைச் சுற்றி ஆடிய சீட்டைப் பற்றிச் சொன்னதை, நள்ளிரவில் தனியறையில் முகமறியாதவரோடு நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் ஆடுபவருக்கும் பொருத்தலாமா என்பதே தமிழ்நாட்டில் நடந்த வழக்குகளின் உட்பொருள். 2021 ஆகஸ்டில் மாநிலத்தின் முதல் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் இயற்றப்பட்ட அடுத்த சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டு என்று பட்டியலிட்டதை மட்டும் ஏற்கவில்லை. அதன் பின் மாநிலம் கெட்டிக்காரத்தனமாகப் பாதையை மாற்றியது: ஆட்டம் திறனா வாய்ப்பா என்று வாதாடுவதை விட்டுவிட்டு, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டு கூடாது, ஆதார் வழியே அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்று விதிகள் வகுத்தது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லும் என்றது.

இரண்டரை மாதத்தில் நடுவண் அரசின் சட்டம் வந்து, திறனாயினும் வாய்ப்பாயினும் பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று அந்த வேறுபாட்டையே தள்ளிவைத்தது. அதை எதிர்த்த வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. என் சொந்தக் கருத்தைச் சொன்னால், திறன் என்ற அளவுகோல் இணையத்துக்கு ஏற்றதன்று. திறமைசாலி வெல்வார் என்பது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அவர் வெல்வதற்குத் தோற்றுக்கொண்டே இருக்கும் திறமையற்றவர்கள் தேவை. சட்டம் கவலைப்பட வேண்டியது அவர்களைப் பற்றித்தான்.

சிறுவர் ஆடும் கணினி விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளிலும் இதே குழப்பம். பெல்ஜியம் 2018இல் அவற்றைச் சூதாட்டம் என்றது. நெதர்லாந்து ஒரு பெரிய நிறுவனத்துக்கு விதித்த 1 கோடி யூரோ அபராதத்தை, அந்தப் பெட்டி தனியொரு ஆட்டமன்று, பெரிய விளையாட்டின் ஒரு பகுதியே என்று கூறி 2022 மார்ச்சில் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்தடுத்த இரண்டு நாடுகள், ஒரே பெட்டி, இரண்டு பதில்கள்.

தென்றல்வாசி

எல்லோருக்கும் நன்றி. தம்பி ஆடியது ஸ்லாட் ஆட்டம்தான்; ஆகவே திறன் பற்றிய வாதம் எங்களுக்கு உதவாது. சட்டப்படிக்கட்டு அவர்கள் நீதிமன்றம் பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் தரவில்லை. அந்தத் தளம் குற்றவாளி, என் தம்பி குற்றவாளி அல்ல என்றே கொண்டால், பணத்தைக் கேட்டு வழக்குத் தொடரலாம்தானே?

சட்டப்படிக்கட்டு

தவிர்த்துவந்தேன் என்பதே உண்மை, பதில் கசப்பாக இருப்பதால். குற்றமில்லை என்பதும் கேட்டுப் பெறும் உரிமை உண்டு என்பதும் வெவ்வேறு. இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் வென்றதாகக் கூறப்படும் பணத்துக்காக வழக்கே தொடர முடியாது. இங்கிலாந்திலும் 1845ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் இருந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 335ஆம் பிரிவு 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகே, சூதாட்டம் என்ற காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்றாயிற்று. அங்கே உரிமம் பெற்ற தளம் வென்ற பணத்தைத் தர மறுத்தால் வழக்குத் தொடரலாம்; வழக்குத் தொடுத்து வென்றவர்களும் உண்டு. பழைய முறையைப் பின்பற்றும் நாடுகளில் முடியாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும், அந்நாட்டு உரிமம் இல்லாத தளத்தில் தோற்றவர்கள், ஒப்பந்தமே செல்லாது, ஆகவே நான் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டு நீதிமன்றங்களில் வென்றார்கள். அந்த நிறுவனங்களில் பல மால்ட்டாவில் இருந்ததால், தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மால்ட்டாவுக்குப் போனார்கள். மால்ட்டா 2023இல் தன் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, தன் உரிமத்தின்படி இயங்கிய நிறுவனத்துக்கு எதிரான அத்தகைய வெளிநாட்டுத் தீர்ப்பைத் தன் நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாது என்றது. நீங்கள் முதலில் கேட்டீர்களே, உரிம எண் யாரைக் காக்கும் என்று; இதைவிட நேரடியான பதிலை நானே எழுதியிருக்க முடியாது.

உங்கள் தம்பிக்கு, வென்ற தொகையைவிடக் கட்டிய தொகையை மீட்கவே சட்டத்தில் சற்றேனும் இடமிருக்கும்.

எதிர்க்கரை

அப்படியானால் உள்நாட்டு உரிமம் உள்ள தளத்தில் ஆடினால் பணம் பத்திரம் என்றாவது சொல்லலாமா?

கணக்குப்பிள்ளை

அதையும் முழுதாகச் சொல்ல முடியாது. 2011இல் அமெரிக்கா நடவடிக்கை எடுத்தபோது ஒரே குற்றப்பத்திரிகையில் இருந்த மூன்று போக்கர் நிறுவனங்களில் இரண்டை மட்டும் பாருங்கள். போக்கர்ஸ்டார்ஸ் ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருந்ததால் விரைவில் திருப்பித் தந்தது. ஃபுல் டில்ட் அந்தப் பணத்தைச் செலவழித்திருந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு 2014இல்தான் பணம் வரத் தொடங்கியது, அதுவும் போக்கர்ஸ்டார்ஸ் அரசுடன் செய்துகொண்ட சமரசத்தில் கட்டிய தொகையிலிருந்து. பிரிட்டனில் உரிமம் பெற்றே இயங்கிய ஃபுட்பால் இண்டெக்ஸ் 2021 மார்ச்சில் கவிழ்ந்தது. வாடிக்கையாளர்கள் முதலீடுபோல் எண்ணி வாங்கி வைத்திருந்த "பங்குகள்" சட்டத்தின் பார்வையில் நடப்பிலுள்ள பந்தயங்கள் மட்டுமே. நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணம் எந்த அளவு காக்கப்படும் என்று பிரிட்டன் உரிமதாரர்கள் தெரிவித்தாக வேண்டும். "காக்கப்படாது" என்று எழுதுவதும் அங்கே ஏற்கப்பட்ட பதில்களில் ஒன்றுதான். விதிமுறைப் பக்கத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்?

தென்றல்வாசி

நேற்று இரவு ஒரு முன்னேற்றம். தளத்திலிருந்து செய்தி வந்தது: வென்ற தொகைக்கு "வரி" செலுத்தினால் 24 மணி நேரத்தில் முழுப் பணத்தையும் விடுவிப்பார்களாம். தம்பி அதைக் கட்டிவிடலாம் என்கிறான்.

கணக்குப்பிள்ளை

கட்ட வேண்டாம். எந்த நாட்டு வரித் துறையும் தன் வரியைச் சூதாட்டத் தளத்தில் புதிதாக வைப்புத்தொகை போடச் சொல்லி வசூலிப்பதில்லை. உண்மையில் பிடித்தம் இருந்தால் வெல்லும் தொகையிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இதைக் கட்டினால் அடுத்து "விடுவிப்புக் கட்டணம்" வரும். இன்றே வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். பணம் போன கணக்குகளின் விவரம், திரைப்பதிவுகள், உரையாடல்கள் அனைத்தையும் தளம் உங்களை வெளியேற்றுவதற்கு முன் சேமித்துவையுங்கள். இணையக் குற்றப் பிரிவில் மோசடி என்றே புகார் கொடுங்கள், சூதாட்டப் பணம் வரவில்லை என்று கொடுக்காதீர்கள். கொடுத்த அடையாளச் சான்றுகளை வைத்து வேறெங்கும் கணக்குத் தொடங்கப்படுகிறதா என்பதையும் கவனித்து வாருங்கள்.

தென்றல்வாசி

கட்டவில்லை. சட்டப்படிக்கட்டு அவர்கள் சொன்னபடி ஆணையத்தின் பதிவேட்டில் தேடினேன். அந்த எண் இருக்கிறது. அதற்கு நேரே இருப்பது வேறொரு நிறுவனம், வேறொரு தளம். தம்பி ஆடிய முகவரி அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. வங்கிப் பதிவிலும் கணக்குப்பிள்ளை சொன்னதே நடந்திருக்கிறது: ஒன்பது முறை கட்டியதில் ஒன்பதும் வெவ்வேறு பெயர்கள். தம்பியிடம் திரையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தத் தளத்தின் இணைப்பை யார் அனுப்பினார்கள் என்று அவனாகவே சொல்லத் தொடங்கினான். புகாரை எழுதிக்கொண்டிருக்கிறோம், எண் கிடைத்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.